மருத்துவர் பதில்கள்: கம்மிய குரலும் மூன்று வாரத்து இருமலும்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசத் தொடங்கிவிட்டால், வெளிநோயாளர் பிரிவில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதை உள்ளே உட்கார்ந்தபடியே இருமல் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடலாம். இம்மாதம் வந்த கடிதங்களிலும் பெரும்பாலானவை இருமலையும் தொண்டையையும் பற்றியவையே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால், ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதத்தைத் தேர்ந்தெடுத்து விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 34. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறேன். 12 நாட்களுக்கு முன் தொண்டை வலியும் லேசான காய்ச்சலும் வந்தன. மூன்றாம் நாள் குரல் கம்மியது. தொண்டை வலி போன பிறகு இருமல் பிடித்துக்கொண்டது. சளி முதலில் வெள்ளையாக இருந்து, இப்போது பச்சையும் மஞ்சளுமாக வருகிறது. மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய ஆன்டிபயாட்டிக் மாத்திரையை மூன்று நாட்கள் சாப்பிட்டும் இருமல் குறையவில்லை. இதைவிட வீரியமான மாத்திரை வேண்டுமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: நீங்கள் தேதிவாரியாக எழுதியிருப்பதே பாதி நோயறிதலைச் செய்துவிடுகிறது. சளிக்காய்ச்சல் வைரஸ் முதலில் மூக்கிலும் தொண்டையிலும் இறங்குகிறது. அப்போது விழுங்கினால் வலிக்கிறது. அங்கிருந்து குரல்வளைக்குப் பரவிக் குரல்நாண்களை வீங்கச் செய்யும்போது குரல் கம்முகிறது. மேலும் கீழிறங்கி மூச்சுக்குழலையும் அதன் கிளைகளையும் புண்ணாக்கும்போது இருமல் தொடங்குகிறது. இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் மூச்சுக்குழாய் அழற்சி என்றும் பிராங்கைட்டிஸ் என்றும் சொல்கிறோம். ஆகவே தொண்டை வலி தீர்ந்து இருமல் கூடியதைப் புது நோயாகக் கருத வேண்டாம். ஒரே நோய் மாடியிலிருந்து படியிறங்கி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வீரியமான மாத்திரை வேண்டாம். நீங்கள் சாப்பிட்ட மாத்திரையே வேண்டியிருந்திருக்காது. திடீரென வரும் இந்த அழற்சியில் பத்தில் ஒன்பதுக்கு மேல் வைரஸால் வருபவை. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லுமே தவிர வைரஸை ஒன்றும் செய்யாது. இதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்கு இருமல் சராசரியாக அரை நாள்தான் முன்கூட்டி நின்றது. அந்த அரை நாளுக்காக வயிற்றுப்போக்கையும் ஒவ்வாமையையும் வாங்கிக்கொள்வதும், பின்னொரு நாள் உண்மையிலேயே தேவைப்படும்போது மருந்து வேலை செய்யாத நிலையை வரவழைத்துக்கொள்வதும் நல்ல வியாபாரமாக எனக்குத் தோன்றவில்லை.

சளியின் பச்சை நிறம் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது, மருந்துக்கடைக்காரரையும் பயமுறுத்தியிருக்கக்கூடும். நோய்க்கிருமியோடு போராட வரும் வெள்ளணுக்களுக்குள் இரும்புச்சத்துள்ள ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதியின் நிறமே பச்சை. வெள்ளணுக்கள் குவிந்து மடிய மடியச் சளியும் அந்த நிறத்தைப் பெறுகிறது. வைரஸை எதிர்த்தாலும் பாக்டீரியாவை எதிர்த்தாலும் இது நடக்கும் என்பதால், நிறத்தை மட்டும் வைத்து மருந்து கொடுப்பது சரியல்ல. தொண்டையைப் பொறுத்தவரை பாக்டீரியா என்று நாங்கள் ஐயப்படுவது வேறு விதமான நோயாளியிடம்: நல்ல காய்ச்சல், கழுத்தில் தொட்டால் வலிக்கும் நெறிக்கட்டி, டான்சிலில் வெள்ளைப் படலம், இவற்றோடு இருமலே இல்லாமை. இருமல் இருந்தால் அந்த ஐயம் குறைகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

அப்படியானால் ஏன் இத்தனை நாள்? மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, தூசியையும் சளியையும் தொண்டையை நோக்கி மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. வைரஸ் இந்த மேல்தோலை உரித்துவிடுகிறது. கிருமி போன பிறகும் அந்தத் தோல் மறுபடி முளைக்கும்வரை, தேங்கும் சளியை வெளியேற்ற இருமலைத் தவிர உடம்புக்கு வேறு வழி இல்லை. உரிந்த இடத்தில் நரம்பு முனைகளும் வெளியே தெரிவதால் குளிர்காற்று, சிரிப்பு, ஊதுபத்திப் புகை, எது பட்டாலும் இருமல் கிளம்புகிறது. இந்த இருமல் சராசரியாக 18 நாட்கள் நீடிக்கிறது. ஆனால் ஒரு வாரத்தில் நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். எட்டாம் நாள் ஒரு மருத்துவர், பதினோராம் நாள் இன்னொரு மருத்துவர் என்று அலைந்துவிட்டு, பதினெட்டாம் நாள் யாரிடம் இருந்தார்களோ அவரைக் கைராசிக்காரர் என்று சொல்வதை நான் முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அந்தப் பெயர் சில முறை எனக்கும் கிடைத்திருக்கிறது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியவை அதிகமில்லை. வெதுவெதுப்பான நீரை அடிக்கடி குடியுங்கள். படுக்கும் முன் ஒரு தேக்கரண்டித் தேன் எடுத்துக்கொண்டால் இரவு இருமல் ஓரளவு அடங்கும். செக்கிங் மேசையில் துணியை உதறும்போது எழும் பஞ்சுத்துகள் புண்ணான மூச்சுக்குழாய்க்கு ஆகாது. இரண்டு வாரத்துக்காவது முகக்கவசம் அணிந்து வேலை செய்யுங்கள், முடிந்தால் உதறும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி உட்காருங்கள். காய்ச்சல் ஐந்து நாட்களைத் தாண்டினாலோ, விட்ட காய்ச்சல் திரும்ப வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ, சளியில் இரத்தம் தெரிந்தாலோ நாள் கணக்குப் பார்க்காமல் உடனே வர வேண்டும். அது நுரையீரல் அழற்சியாக, அதாவது நிமோனியாவாக மாறியிருக்கலாம்.

இன்னொன்று. 18 நாட்கள் பொறுக்கச் சொல்லும் அதே வாயால் இதையும் சொல்லியாக வேண்டும்: நம் நாட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் அது பிராங்கைட்டிஸாகவே முடியும். ஆனாலும் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிச் செய்யப்படும் ஒரு பரிசோதனையைத் தவிர்க்க எந்தக் காரணமும் இல்லை. பெருந்துறையில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் இடத்தை முதியவர்கள் இன்னமும் சானடோரியம் என்றுதான் சொல்கிறார்கள். காசநோய்க்காரர்களை ஊருக்கு வெளியே மாதக்கணக்கில் படுக்கவைத்த காலம் அது. இன்று ஆறு மாத மாத்திரையில் குணமாகும் நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதுதான் கொடுமை. உங்களுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் குறையவில்லையென்றால் காலையில் எழுந்ததும் வரும் முதல் சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. நெஞ்சுச் சளி வந்ததிலிருந்து குரல் அடைத்துவிட்டது. வகுப்பில் கிசுகிசுத்த குரலில்தான் பாடம் நடத்துகிறேன். ஒரு நாளைக்கு நான்கு முறை ஆவி பிடிக்கிறேன். குரல் எப்போது திரும்பும்? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: கிசுகிசுப்பதை நிறுத்துங்கள். குரலுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்து அப்படிப் பேசுகிறீர்கள். ஆனால் கிசுகிசுக்கும்போது பெரும்பாலோர் குரல்வளைத் தசைகளை இறுக்கிப் பிடித்துக் காற்றைத் தள்ளுகிறார்கள். வீங்கிய குரல்நாணுக்கு அது கூடுதல் உழைப்பு. பேசியே ஆக வேண்டுமென்றால் மெல்லிய, இயல்பான குரலில் குறைவாகப் பேசுங்கள்; இரண்டு மூன்று நாள் விடுப்பு எடுத்துப் பேசாமலே இருந்தால் இன்னும் நல்லது. தொண்டையை அடிக்கடி காறிச் செருமுவதும் அப்படித்தான். ஒவ்வொரு செருமலிலும் இரண்டு குரல்நாண்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. செருமத் தோன்றும்போது ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்குங்கள்.

உப்பு நீரில் கொப்பளிப்பதால் தொண்டை எரிச்சல் தணியும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு போதும். ஆனால் கொப்பளிக்கும் நீர் குரல்நாண் வரை போகாது, போனால் புரையேறிவிடும். ஆகவே குரல் அதனால் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆவி பிடிப்பது இதமாக இருந்தால் நாளுக்கு ஓரிரு முறை பிடியுங்கள், பாத்திரத்தை மேசைமேல் உறுதியாக வைத்துக்கொண்டு. மடியில் குண்டாவை வைத்துப் போர்வைக்குள் உட்கார்ந்து, அது கவிழ்ந்து தொடை வெந்து வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

குரல் பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரத்தில் திரும்பிவிடும். மூன்று வாரத்துக்கு மேலும் கம்மியே இருந்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் சென்று குரல்வளையைக் கருவி வைத்துப் பார்த்தாக வேண்டும். ஆசிரியர்களுக்குக் குரல்நாணில் சிறு கணுக்கள் வருவது சகஜம். புகைப்பவர்களுக்கோ, குரல்வளைப் புற்றுநோய் பெரும்பாலும் முதலில் குரல் மாற்றமாகத்தான் தலைகாட்டும்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 63. சோமனூர் பக்கம் ஒரு பஞ்சாலையில் 28 ஆண்டுகள், பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பீடிப் பழக்கமும் உண்டு. தினமும் காலையில் அரை மணி நேரம் காறிக் காறித் துப்புகிறார். தொண்டையில்தான் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, நெஞ்சில் ஒன்றுமில்லை என்கிறார். பல வருடங்களாக இப்படித்தான். தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டுத் தொண்டை சுத்தமாக இருப்பதாகச் சொல்லிவிட்டார். (வாசகர், கருமத்தம்பட்டி)

பதில்: தொண்டை மருத்துவர் சொன்னது சரி. உங்கள் தந்தை உணர்வதும் பொய்யல்ல. இரவெல்லாம் மூச்சுக்குழாய்களில் ஊறிய சளி, விடியற்காலையில் மெல்ல மேலேறிக் குரல்வளை அருகே வந்து நிற்கிறது. உணர்வு அங்கேதான் கூர்மையாக இருக்கிறது என்பதால், இருபது சென்டிமீட்டர் கீழே உற்பத்தியான சரக்கைத் தொண்டையில் விளைந்ததாகவே எவரும் நினைப்பார்கள். வேறு காரணம் இல்லாமல், ஆண்டுக்குக் குறைந்தது மூன்று மாதம், தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் சளியோடு இருமல் இருந்தால் அது நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி. திருப்பூர் வாசகிக்கு வந்ததும் இதுவும் பெயரளவில் ஒன்றானாலும் வேறு வேறு நோய்கள். அங்கே உரிந்த தோல் மறுபடி முளைக்கிறது. இங்கே புகையும் தூசியும் பல ஆண்டுகள் உரசியதில் சளிச் சுரப்பிகள் பெருத்து, குழாய்ச் சுவர் தடித்து, மயிரிழைகள் பெருமளவு அழிந்துபோயிருக்கின்றன.

அவர் வேலை பார்த்த இடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கோவையில் முதல் பஞ்சாலை 1888-இல் தொடங்கியது. நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் 1930-களில் ஆலைகள் பெருகின. இத்தனை தலைமுறை பஞ்சோடு வாழ்ந்தும், பஞ்சுத்தூசியால் வரும் பிஸினோசிஸ் என்ற நுரையீரல் நோயின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் நம் ஊரில் குறைவு. பஞ்சைப் பிரித்து உதறும் புளோ ரூமிலும் கார்டிங்கிலும்தான் தூசி மிக அதிகம். தந்தையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வேலையில் இருந்த காலத்தில், வார விடுமுறை முடிந்து ஷிப்டுக்குப் போன முதல் நாள் நெஞ்சைப் பிடித்ததுபோல் இறுக்கமாக இருந்து, அடுத்தடுத்த நாட்களில் குறைந்ததா? ஆம் என்றால் அது பிஸினோசிஸின் அடையாளம். என்னிடம் வந்த ஒரு முதியவர் இதைக் கேட்டதும் சற்று யோசித்து, “திங்கக்கெழமயானா மூச்சு முட்டுமுங்க, அது சோம்பேறித்தனம்னு மேஸ்திரி சொல்லுவாருங்க” என்றார். முப்பது ஆண்டுகள் அதைச் சோம்பேறித்தனம் என்றே அவரும் நம்பியிருக்கிறார். வெல்லம் தின்றால் பஞ்சு இறங்கிவிடும் என்று ஆலைத் தொழிலாளர்களிடையே ஒரு நம்பிக்கையும் உண்டு. வெல்லம் உணவுக்குழாய் வழியே வயிற்றுக்குப் போகிறது, பஞ்சு இருப்பதோ பக்கத்துக் குழாயில்.

செய்ய வேண்டியது ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை. மூச்சை முழுக்க இழுத்து ஒரு குழாயில் வேகமாக ஊதச் சொல்வார்கள். முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளிவருகிறது என்பதை வைத்து மூச்சுக்குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று தெரியும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாத நிலையிலும் இது காட்டிக்கொடுக்கும். இத்தனை ஆண்டு இருமல் என்பதால் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் ஒரு முறை அவசியம். பஞ்சுத்தூசி நோயைத் தொழிலாளர் காப்பீட்டுச் (இ.எஸ்.ஐ.) சட்டம் தொழில்சார் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எனவே மருத்துவரிடம் பணிபுரிந்த பிரிவையும் ஆண்டுகளையும் எழுதிக்கொடுங்கள், பழைய இ.எஸ்.ஐ. அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள்.

பீடியை விட வேண்டும் என்று எழுதுவது எளிது என்பது எனக்குத் தெரியும். ஆனால் விட்டபின் சில வாரங்கள் சளி கூடியதுபோல் தோன்றலாம் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மிஞ்சியிருக்கும் மயிரிழைகள் மறுபடி வேலை செய்யத் தொடங்குவதால் அப்படி ஆகிறது. அதைப் பார்த்து, பீடி குடித்தபோதே நன்றாக இருந்தேன் என்று மறுபடி பற்றவைத்தவர்கள் அநேகர். மருத்துவர் இன்ஹேலர் கொடுத்தால் அது கடைசி கட்ட மருந்து என்று அஞ்ச வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலராக இருந்தால், ஒவ்வொரு முறையும் உறிஞ்சியபின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கிலும் தொண்டையிலும் வெள்ளைப் பூஞ்சை படியும், குரலும் கம்மும். ஸ்பேசர் என்ற குடுவையைப் பொருத்தி உறிஞ்சினால் மருந்து தொண்டையில் படிவது குறைந்து நெஞ்சுக்குப் போகும்.

கேள்வி: மூன்று வயதுப் பேத்திக்கு ஐந்து நாட்களாக இருமல். தொண்டையில் கோழை கரகரவென்று கேட்கிறது, துப்பத் தெரியவில்லை. மூக்கில் நல்லெண்ணெய் விடலாமா? விரலை விட்டுக் கோழையை எடுத்துவிடுவதாகப் பக்கத்து ஊரில் ஒருவர் சொல்கிறார். (குழந்தையின் அம்மாயி, தாராபுரம்)

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. மூக்கில் விடும் எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் ஒழுகி நுரையீரலிலேயே தங்கி நிமோனியாவை உண்டாக்கும். விரலை விட்டால் தொண்டை கிழியும், குழந்தை மூச்சுத் திணறும். சின்னக் குழந்தைகள் சளியைத் துப்புவதில்லை, விழுங்கிவிடுகிறார்கள். வயிற்றுக்குப் போன சளியால் கெடுதல் இல்லை. இருமிக்கொண்டே ஒரு வாந்தி எடுத்துவிட்டால் கரகரப்பு குறைவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கரகரப்பைவிட முக்கியமானது மூச்சின் வேகம். பேத்தி அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு, வயிறு எத்தனை முறை எழும்புகிறது என்று எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தைக்கு அந்த எண் 50, பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு 60. விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, மூச்சை இழுக்கும்போது தொண்டையில் கீச்சென்ற ஒலி வந்தாலோ, எச்சிலை விழுங்க முடியாமல் வாயில் ஒழுகினாலோ இரவென்றும் பாராமல் கிளம்புங்கள். ஒழுகும் குழந்தையின் வாயைக் கரண்டி வைத்துத் திறந்து பார்க்காதீர்கள்; உட்கார்ந்த நிலையிலேயே மடியில் வைத்துக் கொண்டுபோங்கள்.

மற்றபடி அரைத் தேக்கரண்டித் தேன் கொடுக்கலாம், ஆனால் ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குத் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. கடையில் கேட்டு இருமல் சிரப் வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த வயதில் நன்மை குறைவு, கெடுதல் அதிகம்.

கேள்வி: சளி இல்லை, காய்ச்சல் இல்லை. இரண்டு மாதமாகத் தொண்டையில் அரிப்புபோலத் தோன்றி வறட்டு இருமல் வருகிறது. எக்ஸ்ரே, சளி எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. இரத்தக் கொதிப்பு தவிர வேறு நோய் கிடையாது. (வாசகர், காங்கயம்)

பதில்: கொதிப்புக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எனலாபிரில், ராமிப்ரில் என்று ‘பிரில்’ என முடியும் பெயர் இருந்தால், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இதே தொண்டை அரிப்பும் வறட்டு இருமலும் வரும். மாத்திரை தொடங்கிச் சில மாதங்கள் கழித்தும் வரலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம். கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற வேறு வகைக்கு மாற்றுவார். பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் இருமல் அடங்கும். பிரில் இல்லையென்றால், இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுக்கும் வழக்கம் உண்டா என்று யோசியுங்கள். வயிற்று அமிலம் தொண்டைவரை ஏறினாலும் நெஞ்செரிச்சல் இல்லாமலே இப்படி இருமல் வரும்.

கேள்வி: இருமல் இருக்கும்போது பால், தயிர், வாழைப்பழம் சேர்த்தால் சளி கூடுமா? கொள்ளு ரசம் சளியை உடைக்குமா? (வாசகி, அவிநாசி)

பதில்: பால் குடித்ததும் எச்சிலோடு கலந்து தொண்டையில் கொழகொழவென்று படிவதால் சளி கூடியதுபோல் தெரிகிறது, உண்மையில் நெஞ்சில் சளி ஊறுவது அதனால் கூடுவதில்லை. பிடிக்காவிட்டால் சில நாள் தவிர்க்கலாம், குழந்தைக்கு நிறுத்த வேண்டியதில்லை. வாழைப்பழமும் அப்படித்தான். கொள்ளு ரசத்தைப் பொறுத்தவரை, சளியை உடைக்கும் தனிச் சக்தி கொள்ளில் இருப்பதாக நான் சொல்லமாட்டேன். ஆனால் சூடான, மிளகும் பூண்டும் தட்டிப்போட்ட எந்த ரசமும் தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீர், வாய்க்கு ருசி. என் வீட்டிலும் இருமல் வந்தால் அதுதான் வைக்கிறார்கள், நானும் இரண்டு டம்ளர் குடிக்கிறேன்.